சயருக்கு 356, சைல்டுக்கு 24: சாகாத கேரக்டர்களுக்கு நடுவே வயது என்ன செய்கிறது?

2024 மார்ச் 2, இரவு 10:15 (வாசகர் கேள்வி)

ஐந்து பேர் சேர்ந்து வாம்பயர் (ரத்தக் காட்டேரி) ஆட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறோம்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம். ஒருவர் 700 வயதுக் கேரக்டர் எடுக்கிறார், இன்னொருவர் 250, நான் 60. மற்ற இருவர் இன்னும் முடிவு செய்யவில்லை. சாகவே போவதில்லை என்றான பிறகு வயது வித்தியாசத்துக்கு என்ன அர்த்தம்? 200 தாண்டிவிட்டால் எல்லாரும் ஒரே செட்தானே? கேரக்டர் விவரம் எழுதும் ஷீட்டில் அலங்காரத்துக்குப் போடும் எண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 11:50

உங்கள் கணக்கில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழு 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஆடுகிறது, இருபதாம் ஆண்டுப் பதிப்பு விதிகள். மூன்று வருடமாக ஒரே கதை. என் கேரக்டர் எலினோர், 1864ல் லண்டனில் பிறந்த தையல்காரி. 1888ல், 24 வயதில், வாம்பயராக மாற்றப்பட்டாள். மாற்றியவருக்குப் பெயர் சயர், மாற்றப்பட்டவருக்குச் சைல்டு. அவளுடைய சயர் ஆம்ப்ரோஸ், 1532ல் பிறந்தவர். அந்த இரவில் அவருக்கு 356. அவளைவிட ஏறக்குறைய பதினைந்து மடங்கு. கதை 2012க்கு வந்தபோது அவருக்கு 480, அவளுக்கு 148. மூன்றே கால் மடங்கு. இன்னும் ஆயிரம் வருடம் போனால் 1480, 1148. மடங்கு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

ஆக, கணக்கில் இடைவெளி கரைகிறது. மேசையில் கரையவில்லை.

காரணம் ரொம்ப எளிது. எலினோரின் முதல் இரவை ஆம்ப்ரோஸ் பார்த்திருக்கிறார். பசி என்றால் என்னவென்று புரியாமல் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து நடுங்கியதைப் பார்த்திருக்கிறார். அவருடைய முதல் இரவைப் பார்த்தவர் யாரும் லண்டனில் இல்லை. ஒருவர் இன்னொருவரைப் பச்சைக் குழந்தையாகப் பார்த்திருக்கிறார், மற்றவர் அவரை அப்படிப் பார்த்ததில்லை. இதை எத்தனை நூற்றாண்டாலும் சமன் செய்ய முடியாது. எழுபது வயது அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயதுத் தம்பி இன்னும் 'சின்னவன்'தானே?

மார்ச் 3, காலை 7:20

ராத்திரி அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். 'எட்டாம் ஜெனரேஷன் என்றால் எத்தனை வயது?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜெனரேஷன் வேறு, வயது வேறு. ஜெனரேஷன் என்பது கெய்னிலிருந்து எத்தனையாவது படி என்ற கணக்கு. கெய்ன் (பைபிளின் அதே காயீன்) ஒன்று, அவர் உண்டாக்கியவர்கள் இரண்டு, ஆன்டிடிலூவியன்கள் மூன்று, இப்படியே இறங்கும். மாற்றியவர் ஏழாவது என்றால், நேற்று ராத்திரி மாற்றப்பட்டவர்கூட எட்டாவதுதான். ஐந்நூறு வருடம் வாழ்ந்தவர் பன்னிரண்டாவதாக இருக்கலாம்.

13ஆம் ஜெனரேஷனுக்கு ரத்தக் கையிருப்பு 10 புள்ளி. எட்டாவதுக்கு 15. ஏழாவதுக்கு ஒரே தாவலில் 20. இது பிறப்பிலேயே வரும் சொத்து. வயதுக்குத் தனிப் பெயர்கள் உண்டு, இளையவரிலிருந்து மூத்தவர்வரை: நியோநேட், ஆன்சில்லா, எல்டர், மெத்தூசலா. இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறும் என்று வைத்துக்கொண்டால் நல்ல கதைகள் கை நழுவிப் போகும். பெரிய வம்சத்தில் நேற்று வந்த பையனும் சின்ன வம்சத்தில் ஐந்நூறு வருடம் தாக்குப்பிடித்த கிழவியும் ஒரே கூடத்தில் சந்தித்தால் யார் எழுந்து நிற்பது? எங்கள் கதையில் இந்த ஒரு கேள்விக்கே இரண்டு செஷன் போனது.

மார்ச் 3, இரவு 9:40

'மேசையில் கரையவில்லை என்றால் என்ன அர்த்தம், உதாரணம் சொல்லுங்கள்' என்று இழையைத் தொடங்கியவர் கேட்கிறார். சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நாங்கள் தமிழில்தான் ஆடுகிறோம். விதிகளும் சொற்களும் ஆங்கிலம், பேச்சு தமிழ். ஆம்ப்ரோஸை ஆடுபவன் நிஜத்தில் என்னைவிட ஒன்பது வயது இளையவன், என் தம்பியின் நண்பன். காலேஜ் காலத்திலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன் என்றே சொல்லலாம். முதல் நான்கு செஷன் வரைக்கும் 356 வயது சயர் நேற்றுப் பிறந்த சைல்டிடம் 'நீங்க இன்னிக்கு வேட்டைக்கு வர வேணாம்' என்று பேசிக்கொண்டிருந்தார். அவனுக்கு வாய் வரவில்லை. ஸ்டோரிடெல்லரும் (கதையை நடத்துபவர்) வற்புறுத்தவில்லை.

ஐந்தாவது செஷன். எலினோர், போகக் கூடாது என்று சொல்லியிருந்தும், தன் பழைய வீட்டுக்குப் போய் ஜன்னல் வழியாகத் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறாள். தங்கை அவளுடைய சாவுக்குக் கறுப்புத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அதைச் சொல்லி முடித்தேன். அவன் பத்துப் பக்க டைஸ் இரண்டை உள்ளங்கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தான், கீழே போடவில்லை. தலையை நிமிர்த்தாமல் கேட்டான்:

'எங்க போயிருந்தே?'

ஒரு விகுதிதான் மாறியது. எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. 'தங்கச்சியப் பாக்க, ஐயா' என்று வாயிலிருந்து வந்தது. ஐயா என்று அதற்கு முன் எலினோர் சொன்னதே இல்லை. சுற்றியிருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. செஷன் முடிந்து தட்டுகளை எடுத்து வைக்கும்போது அவன் என் பக்கத்தில் வந்து 'சாரிக்கா' என்றான். நான் 'இனிமே நீ-ன்னே சொல்லுடா' என்றேன்.

ஆங்கிலத்தில் ஆடும்போது 'யூ' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும், வயதைப் பத்து செஷன் ஒத்திப்போடலாம். தமிழில் வாயைத் திறந்தவுடன் முடிவு செய்தாக வேண்டும். இதை நான் சுமையாகப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்துக்குக் கிடைத்த பெரிய கருவி இதுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 3, இரவு 10:05

'தாங்கள்' போடலாமே என்றவருக்கு: ஒரு செஷன் போட்டுப் பார்த்தோம். எல்லாரும் சரித்திர நாடகக் குரலுக்குப் போய்விட்டார்கள், யாராலும் கோபப்பட முடியவில்லை. விட்டுவிட்டோம்.

மார்ச் 5, இரவு 11:10

வலுவான எதிர்வாதம் ஒன்று வந்திருக்கிறது. 'நீங்கள் சொல்வது வயது இல்லை, அதிகாரம். ஆம்ப்ரோஸுக்கு 30 வயதே இருந்தாலும் சயர் சயர்தான்' என்கிறார். இரண்டு நாள் யோசித்தேன்.

விதிகள் அவர் பக்கம் நிற்கின்றன. ஒருவருடைய ரத்தத்தை மூன்று வெவ்வேறு இரவுகளில் குடித்தால் பிளட் பாண்ட் என்ற ரத்தப் பிணைப்பு இறுகிவிடும். பிறகு அவர்மீது வருவது அன்பா கட்டளையா என்று பிரிக்க முடியாது. பழைய பதிப்புகளில், உங்களைவிடக் கெய்னுக்கு நெருக்கமான ரத்தம் உள்ளவர்மீது டாமினேட் (அடுத்தவர் மனதுக்குக் கட்டளையிடும் சக்தி) வேலை செய்யாது. மேலே இருந்து கீழே மட்டும்தான் பாயும். காமரில்லா என்ற வாம்பயர் அமைப்பின் நான்காம் மரபுப்படி, சைல்டை விடுவிக்கும்வரை அவள் செய்யும் குற்றம் சயரின் குற்றம். இது எதிலும் வயது என்ற சொல்லே வரவில்லை.

சரி, ஆனால் அதிகாரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எலினோர் ஆம்ப்ரோஸின் ரத்தத்தை இரண்டு இரவு குடித்திருக்கிறாள். மூன்றாவது கோப்பையை அவர் 1891ல் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவள் கை நீட்டுவதற்குள் தானே எடுத்துப் போய் முற்றத்துச் சாக்கடையில் கொட்டினார். ஏன் என்று செஷன் முடிந்து கேட்டேன். அவன் சொன்னது: 'மூணாவதும் குடுத்துட்டா, அதுக்கப்புறம் அவ சொல்றதுல எது நெஜம்னு அவருக்குத் தெரியாதுக்கா. அவரோட பேசறதுக்கு வேற ஆளே இல்ல.'

இது அதிகாரம் பண்ணின வேலை இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் எல்லாரும் தன்னிடம் பயந்தே பேசிக் கேட்ட ஒருவர் பண்ணின வேலை. வயது அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 5, இரவு 11:30

மேலே எழுதியதோடு சேர்த்து: பெரியவர்களுக்கும் பயம் உண்டு. டயப்ளரி என்ற குற்றம் இருக்கிறதே, ஒரு வாம்பயர் இன்னொரு வாம்பயரை ஆன்மாவரை உறிஞ்சிவிடுவது. இரை உயர்ந்த ரத்தம் என்றால் உறிஞ்சியவர் ஒரு படி மேலே போவார். அதனால் ஒவ்வொரு எல்டருக்கும் வீட்டில் வளரும் பிள்ளையே வாரிசும் கொலைகாரனும். ஆம்ப்ரோஸ் அவள் இருக்கும் வீட்டில் ஒருநாளும் பகலில் தூங்கியதில்லை. எனக்கு அது 2 வருடம் கழித்துத்தான் உறைத்தது.

மார்ச் 8, இரவு 10:30

டார்பர், அதாவது வாம்பயரின் நீண்ட தூக்கம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நூறு வருடம் தூங்கினால் அந்த நூறும் வயதில் சேருமா?

எங்களுக்கு இது தானாக வந்து சேர்ந்தது. ஆம்ப்ரோஸை ஆடுபவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது, இரவு ஷிஃப்ட். 14 மாதம் அவனால் வர முடியவில்லை. கதை அப்போது 1941ல் இருந்தது. மே 10 இரவு, லண்டன்மீது நடந்த கடைசிப் பெரிய விமானத் தாக்குதல். ஸ்டோரிடெல்லர் ஒரு கட்டிடத்தை அவர்மேல் சரித்தார். கூரை உத்தரம் ஒன்று நேராக நெஞ்சில். இதயத்தில் மரம் குத்தினால் வாம்பயர் அசைவற்றுப் போய்விடும், யாராவது பிடுங்கும்வரை அப்படியே கிடக்கும். எலினோர் மூன்று வாரம் இடிபாடுகளுக்குள் தேடினாள். கிடைக்கவில்லை.

அவன் திரும்பி வந்தபோது கதை 2012ல். புதுக் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் அவரைக் கண்டுபிடித்து, எலினோரே உத்தரத்தைப் பிடுங்கினாள். அவருடன் 53 வருடம் வாழ்ந்திருந்தாள், அவர் இல்லாமல் 71.

அவர் கண் விழித்தது அவளுடைய ஐந்தாம் மாடி வீட்டில். எதிரே பெரிய ஜன்னல், ஊர் முழுக்க விளக்கு. அவர் எழுந்து செய்த முதல் காரியம், தடுமாறிக்கொண்டே ஓடித் திரையை இழுத்து மூடியது. 'வெளிச்சம் வெளிய தெரியுது, அறிவிருக்கா உனக்கு?' என்றார். போர்க்கால இருட்டடிப்பு அவருக்கு நேற்றைய விஷயம். நான் எழுந்து போய் (நிஜமாகவே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்) 'தெறந்து வைக்கலாம். இப்ப யாரும் குண்டு போடல' என்றேன். அவர் திரையை விடவில்லை. 'ராஜா எப்படி இருக்கார்?' என்று கேட்டார். ராஜா போய்விட்டார், அவர் மகள் அறுபது வருடமாக ஆள்கிறார் என்று சொன்னேன்.

அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். 1888ல் மாடிப்படியில் நடுங்கிக்கொண்டிருந்தவளிடம் ஆம்ப்ரோஸ் பேசிய அதே மெதுவான குரல், வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு. ஸ்டோரிடெல்லர் தாழ்ந்த குரலில் 'தகப்பன்சாமி' என்றார். அந்தச் சொல்லைவிடப் பொருத்தமானது எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அப்பனுக்கு உபதேசம் சொன்னதால் மகன் அப்பன் ஆகிவிடவில்லை. மகனாகவே இருந்துகொண்டு சொன்னான்.

கேள்விக்குப் பதில்: 480ல் 71ஐக் கழித்து 409 என்று ஷீட்டில் எழுதினோம். 480ஐயும் அழிக்கவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது.

மார்ச் 9, காலை 8:00

2004ல் வந்த 'வாம்பயர்: தி ரெக்வியம்' இதை விதியாகவே வைத்திருக்கிறது. அங்கே ஜெனரேஷன் கிடையாது, பிளட் பொட்டென்சி (ரத்தத்தின் வீரியம்) என்ற ஒன்று. ஐம்பது வருடத்துக்கு ஒரு புள்ளி தானாக ஏறும், டார்பரில் கிடந்தால் இறங்கும். முதல் பதிப்பில் ரொம்ப உயர்ந்துவிட்டால் மனித ரத்தம் பசியாற்றாது, வாம்பயர் ரத்தம்தான் வேண்டும். வேறு வழியில்லாமல் போய்த் தூங்குவார்கள். எழும்போது பலம் குறைந்திருக்கும், நினைவுகளும் குழம்பியிருக்கும். ஆக, யார் மூத்தவர் என்பது அந்த உலகத்தில் முறைவைத்து மாறும் விஷயம். இரண்டு வாம்பயர்கள் முதல்முறை சந்திக்கும்போது பலம் குறைந்தவரின் உடம்புக்கே அது தெரிந்து ஓடச் சொல்லும். நான் எட்டு செஷன் மட்டும் ஆடியிருக்கிறேன். விதியாகப் பிடிக்கும். ஆனால் உடம்பே சொல்லிவிடுவதால் பேசிக் கண்டுபிடிக்க வேண்டியது குறைந்துபோகிறது.

மார்ச் 12, இரவு 1:15

நான் மார்ச் 2ல் எழுதியதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். 'முதல் இரவைப் பார்த்தவர் பார்த்தவர்தான்' என்று சொன்னேன். பார்த்தவருக்கே மறந்துபோனால்?

இந்த வாரம் 'தௌசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்' திரும்ப எடுத்து ஆடினேன். டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கியது. தனியாக, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம். பத்துப் பக்க டைஸில் வருவதிலிருந்து ஆறு பக்க டைஸில் வருவதைக் கழித்து, அத்தனை எண் முன்னேயோ பின்னேயோ நகர்ந்து, அங்கே இருக்கும் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். உங்களுக்கு ஐந்து நினைவுகள் மட்டுமே. ஒவ்வொன்றிலும் மூன்று அனுபவங்கள்தான் அடங்கும். ஆறாவது நினைவு வந்தால் பழையதில் ஒன்றை அடிக்க வேண்டும், அல்லது நாட்குறிப்புக்கு மாற்ற வேண்டும். நாட்குறிப்பில் நான்குதான் பிடிக்கும். அதுவும் தொலைந்துபோகக் கூடிய பொருள்.

என் வாம்பயர் பதினான்காம் நூற்றாண்டுக் கப்பல் தச்சன். அவனுக்கு ஒரு தம்பி. மூன்றாம் நாள் இரவு இடம் போதவில்லை. தம்பி இருந்த நினைவு, மனைவி இருந்த நினைவு, முதல் கப்பல். தம்பியை அடித்தேன். நீல மையில் அழகாக எழுதியிருந்த மூன்று வாக்கியம், மேலே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பெயர் இன்னும் படிக்க வருகிறது, ஆனால் விதிப்படி அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் நின்றேன்.

இப்போது ஆம்ப்ரோஸுக்கு வருகிறேன். 480 வருடத்தில் அவர் எத்தனை சைல்டுகளைப் பார்த்திருப்பார்? எலினோருக்கு அந்த மாடிப்படிதான் வாழ்க்கையின் நடுக்கம்பம். அவருக்கு அது அடித்துவிடக்கூடிய வரியாக இருக்கலாம். அப்படியானால், இருவரில் இளையவர்தான் அந்த உறவைச் சுமந்துகொண்டிருக்கிறார். நாள் போகப் போக இருவருக்கும் சேர்த்து நினைவு வைத்திருப்பது அவள்தான். நான் இதைத் தலைகீழாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 13, மாலை 6:30

எல்ஃப்கள் (கற்பனைக் கதைகளில் வரும், நீண்ட ஆயுள் உள்ள இனம்) பற்றி எழுதச் சொன்னவருக்கு: அவர்கள் சாகாதவர்கள் இல்லை, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பில் 750 வயதுவரை வாழலாம். அங்கே எனக்குப் பிடித்தது வேறு. உடல் மனிதர்கள் வேகத்திலேயே வளர்ந்துவிடும், ஆனால் நூறு வயது வாக்கில்தான் தன்னைப் பெரியவர் என்று அறிவித்துப் பெரியவர் பெயர் வைத்துக்கொள்வார்கள்.

'பால்டர்ஸ் கேட் 3' (2023) என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடியவர்கள், அதில் வரும் வாம்பயர் எல்ஃப் அஸ்டாரியனின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். 229 முதல் 268 வரை. 39 வயதில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் இருநூறு வருடம், அவரை மாற்றிய கசடோரின் அடிமை. கூட்டினால் ஏறக்குறைய இருநூற்று நாற்பது. ஆனால் அந்த இருநூறில் அவர் தானாக முடிவெடுத்த ஒரு நாள்கூட இல்லை. தூங்கிய வருடத்தை நாங்கள் கழித்தோம். கட்டளைக்கு ஆடிய வருடத்தைக் கழிக்கலாமா? கழிக்கக் கூடாது என்று நினைக்கிறேன், வலி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது மூப்பைத் தரவில்லை. அவர் சில இடங்களில் கிழவராகவும் சில இடங்களில் முதல் தடவை வீட்டைவிட்டு வெளியே வந்த பையனாகவும் பேசுவது அதனால்தான், என் காதுக்கு அது பிசகாகவே கேட்கவில்லை.

மார்ச் 16, இரவு 9:15

காதல். எதிர்பார்த்ததுதான், நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் எங்கள் மேசையின் சட்டம். உடல் குழந்தை உடல் என்றால் காதல் கதை கிடையாது. ஆயிரம் வயது என்று ஷீட்டில் எழுதிக் காட்டினாலும் கிடையாது. இதில் விவாதத்துக்கு நான் வரமாட்டேன்.

மற்றபடி, வளர்ந்தவர்களாக மாறிய 300க்கும் 30க்கும் நடுவே காதல் வரக் கூடாதா? வரலாம். நான் எண்ணைப் பார்ப்பதில்லை. இளையவர் எழுந்து போக முடியுமா என்று பார்க்கிறேன். போக வேறு வீடு இருக்கிறதா, வேட்டைக்கு வேறு இடம் இருக்கிறதா, பிரின்ஸிடம் (ஊர் வாம்பயர்களின் தலைவர்) போய் நிற்க முடியுமா. இவை எதுவும் இல்லாமல் 'அவளும் விரும்பினாள்' என்று எழுதினால் எனக்கு உறுத்தும். பிளட் பாண்ட் இருந்தால் கேட்கவே வேண்டாம். அது கொடுமை பற்றிய கதையாக நன்றாக வரும், காதல் கதையாக வராது.

எங்கள் மேசை நடுவில் எக்ஸ்-கார்டு இருக்கும். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் கொண்டுவந்த வழக்கம். யாருக்காவது ஒரு காட்சி தாங்கவில்லை என்றால் அட்டையைத் தொடலாம், காட்சி மாறிவிடும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இது மாதிரிக் கதைகளில் இரண்டு தடவை தொடப்பட்டிருக்கிறது. ஒரு தடவை நான்.

மார்ச் 17, காலை 11:00

சயர்-சைல்டு இடைவெளியை முடித்துவைக்கும் சடங்கு உண்டா என்ற கேள்வி அருமை. மந்திரவாதிகள் பற்றிய 'ஆர்ஸ் மாஜிகா' ஆட்டத்தைப் பாருங்கள். 1987ல் வந்தது, மார்க் ரைன்-ஹேகனும் ஜோனதன் ட்வீட்டும் எழுதியது. மாஸ்கரேட் வருவதற்கு நான்கு வருடம் முன்னால், அதே ரைன்-ஹேகன். மந்திரவாதிகள் சாகாதவர்கள் இல்லை, ஆனால் 35க்கு மேல் மூப்பை ஒத்திப்போடும் சடங்கு செய்துகொண்டு நூறைத் தாண்டுவார்கள். அதற்கு விலை, பிள்ளை பிறக்காது. அதனால் சீடன்தான் பிள்ளை. பதினைந்து வருடம் சீடன், வருடத்துக்கு ஒரு பருவம் குரு கட்டாயம் கற்றுத் தர வேண்டும், மற்றப் பருவங்களில் ஆய்வறையில் எடுபிடி. கடைசியில் காண்ட்லெட் என்ற சோதனை. தேறிவிட்டால் மறுநாள் முதல் மந்திரவாதிகள் சபையில் குருவுக்குச் சமமான ஓட்டு.

ஓட்டு சமம். ஆனால் நான் ஆடிய கதையில், தேறிய மறுநாள் காலை என் சீடன் பழக்க தோஷத்தில் என் ஆய்வறையைக் கூட்ட வந்து நின்றான். துடைப்பத்தை வாங்கிக்கொள்ள எனக்கும் மனசு வரவில்லை.

மார்ச் 20, இரவு 11:45

நேற்றைய செஷன். எழுதாமல் தூக்கம் வராது.

2012, பிரின்ஸின் சபை. விழித்த ஆம்ப்ரோஸ் முறைப்படி போய் நிற்க வேண்டும். விருந்தோம்பல் மரபுப்படி, புது ஊருக்குள் வருபவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வருடம் கழித்து வருபவருக்குச் சொந்த ஊரே புது ஊர். அவருக்காக உத்தரவாதம் கொடுக்க ஆள் வேண்டும். எலினோர் கொடுத்தாள். அவர் சபையைப் பார்த்து, 'இவங்க என் சைல்டு. இவங்க சொல்லித்தான் நான் இங்க நிக்கறேன்' என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, 'நீங்க முன்னால போங்க' என்றார்.

வாழ்த்து மாதிரி, மரியாதை மாதிரி சொன்னான். நன்றாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறான். எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. அந்த 'நீ'க்காக எலினோர் எழுபத்தொரு வருடம் காத்திருந்தாள் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கூடத்தைவிட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டாள், 'மாடிப்படி ஞாபகம் இருக்கா?' அவன் ஸ்டோரிடெல்லரைப் பார்த்தான். ஸ்டோரிடெல்லர் 'இன்டெலிஜென்ஸ் போடு' என்றார். ஐந்து டைஸ். ஒன்றுகூடத் தேறவில்லை.

'எந்தப் படி?' என்றார் ஆம்ப்ரோஸ்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அங்கே செஷன் முடிந்தது.

மார்ச் 24, மாலை 5:00

இழையைத் தொடங்கியவருக்கு, உங்கள் 700, 250, 60க்கு என் யோசனை. எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: உங்களைப் புதியவராகப் பார்த்த யாராவது இந்த மேசையில் இருக்கிறாரா, எத்தனை வருடம் தூங்கினீர்கள், எதை மறந்துவிட்டீர்கள். 700க்கும் 250க்கும் பழைய பழக்கமே இல்லை என்றால் நீங்கள் சொன்னது சரிதான், ஒரே செட்டாகவே பழகுவார்கள். 60 வயதான உங்களை 250தான் மாற்றினார் என்றால் கதையே வேறு.

700 வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். 2018ல் வந்த மாஸ்கரேட் ஐந்தாம் பதிப்பில் பெக்கனிங் என்று ஒரு மர்ம அழைப்பைக் கொண்டுவந்து எல்டர்களை எல்லாம் மத்தியக் கிழக்கு நோக்கி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்கள் நியோநேட்களுக்கும் ஆன்சில்லாக்களுக்கும் விடப்பட்டன. பெரியவர்கள் திடீரென்று காலி செய்த வீட்டில் சாவிக்கொத்தை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போடும் ஆட்டமும் நல்ல ஆட்டம்தான். ஆனால் எனக்கு ஆம்ப்ரோஸ் வீட்டில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, இரவு 10:20

கதை நகர்ந்துவிட்டது. எலினோர் முதல்முறையாகத் தானே ஒருவரை மாற்றப் போகிறாள், பிரின்ஸ் அனுமதி கிடைத்துவிட்டது. அந்தக் கேரக்டரை ஆட எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். எங்கள் தெருவில் இருக்கும் அம்மா, 61 வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளியில் படிக்கும்போது எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் எடுத்திருக்கும் கேரக்டருக்கு வயது 22.

இன்று மாலை வீட்டுக்கு வந்து ஷீட் நிரப்பினோம். வயது என்ற இடத்தில் 22 என்று பென்சிலால் எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: 'ஞாயித்துக்கிழமை நீ என்னை எப்படிக் கூப்பிடப் போறே?'

சாயந்திரத்திலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.